மக்காச்சோளம்: எத்தனை கதிர், எத்தனை சாக்கு?

கேள்வி: 2 ஏக்கர் 35 சென்ட்டில் மக்காச்சோளம், 60-க்கு 25 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்கு 27,000 செடி என்று வைத்தால் சுமார் 63,000 கதிர் வருகிறது. இதை நம்பி 50 கிலோ சாக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 27,000 என்பது ஊன்றிய கணக்கு. முளைக்காத குழியும் கதிர் பிடிக்காத செடியும் அதில் கழியவில்லை. காட்டுக்குள் இறங்கி எண்ண வேண்டும்.

ஒரு ஏக்கர் சுமார் 4,050 சதுர மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 4.05. அதை வரிசை இடைவெளி 0.6-ஆல் வகுத்தால் 6.75 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு வரிசையில் உள்ள கதிர்களை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். முதலில் முதல் வரிசையிலிருந்து 11-வது வரிசை வரை குறுக்கே டேப் பிடித்து, நடுவில் உள்ள பத்து இடைவெளிக்காகப் பத்தால் வகுத்துப் பாருங்கள். நிஜ இடைவெளி 65 செ.மீ. என்றால் நீளம் 6.23 மீட்டர்தான்.

டேப்பைச் செடியின் தூரில் வைத்துத் தொடங்கக் கூடாது. 25 செ.மீ. இடைவெளியில் 6.75 மீட்டருக்கு 27 செடி. தொடக்கச் செடியையும் கடைசிச் செடியையும் சேர்த்தால் 28. அந்த ஒன்று ஏக்கருக்கு ஆயிரம்! இரண்டு செடிக்கு நடுவே தொடங்குங்கள்.

எட்டு இடம் போதும். வரப்போர வரிசைகளை விடுங்கள். “40 காலடி நேரே, 10 வரிசை வலப்பக்கம்” என்று முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். இல்லாவிட்டால் கால் தானாகச் செழிப்பான இடத்தில்தான் நிற்கும்.

எண்ணிக்கை 23, 24, 19, 22, 24, 23, 11, 22 என்று வைப்போம். சராசரி 21. தண்ணீர் நின்ற இடத்து 11-ஐ ஒதுக்கினால் சராசரி 22.4 ஆகிவிடும், முடிவில் ஏழு சாக்கு பொய்யாகக் கூடும்.

பரப்பில் வரப்பு, வாய்க்கால், கிணற்று மேட்டைக் கழியுங்கள். அது 15 சென்ட் என்றால் மீதி 2.2 ஏக்கர். 21,000 × 2.2 = 46,200 கதிர்.

இனி மணி எடை. எண்ணிய இடங்களிலிருந்தே, பொறுக்காமல், 20 கதிர் உதிர்த்து நிறுங்கள். 25 சதவீத ஈரத்தில் 2.7 கிலோ இருந்தால், 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் சுமார் 2.35 கிலோ (2.7 × 75 ÷ 86). கதிருக்கு 0.118 கிலோ, மொத்தம் ஏறக்குறைய 5,450 கிலோ.

முழு எண்ணாக்குவதைக் கடைசியில் செய்யுங்கள். 46,200-ஐ 46,000 ஆக்கினால் அரை சாக்குதான் குறையும். ஆனால் 2.2 ஏக்கரை 2 என்று வைத்தால் 4,200 கதிர், பத்து சாக்கு காணாமல் போகும். சின்ன எண்ணில் கை வைத்தால் அடி பெரிது.

கணக்குக்கு 109 சாக்கு, 115 வாங்குங்கள். வியாபாரியிடம் மட்டும் ஐந்து டன் என்று கீழே இறக்கியே சொல்லுங்கள்.