சூரியப் புயலுக்குப் பெட்டி விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில். சேலத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சிக்குப் போனபோது, 2024 மே மாதம் லடாக்கில் ராத்திரி வானம் சிவந்திருந்த படத்தைக் காட்டி, "அடுத்த சூரியப் புயல்ல உங்க டிவி, பிரிட்ஜ் எல்லாம் போயிடும்" என்று சொல்லி, பிளக்கில் மாட்டும் ஒரு பெட்டியை 6,500 ரூபாய்க்கு விற்றார்கள். தம்பி வாங்கிவிட்டான். நானும் வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் படம் உண்மை, மே 10, 11 தேதிகளில் வந்த புயலில் லடாக்கின் ஹான்லே கிராமத்து வானம் நிஜமாகவே சிவந்தது. ஆனால் அதைக் காட்டி உங்கள் பிரிட்ஜுக்கு பயம் காட்டுவதுதான் அநியாயம். சூரியன் கக்கும் மின்துகள்கள் வந்து மோதுவதுதான் சூரியப் புயல். அது வந்தால் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் காணும், அந்த ஆட்டம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் உயர் அழுத்தக் கம்பிகளில் மெதுவாக மாறும் ஒரு மின்சாரத்தைத் தூண்டிவிட்டு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைத் திணறடிக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் இப்படித்தான் ஒன்றரை நிமிஷத்தில் மொத்த மின்தொகுப்பும் விழுந்து 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். உங்கள் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வயருக்கு அந்த நீளம் ஏது? தவிர கியூபெக் வடதுருவப் பக்கம், நாம் இருப்பது பூமியின் காந்த நடுக்கோட்டை (இரண்டு காந்த துருவங்களுக்கும் நடுவே ஓடும் கோடு) ஒட்டி, இங்கே அந்தத் தாக்கம் குறைவு. அப்படியே மின்தொகுப்பு விழுந்தாலும் வீட்டில் நடக்கப்போவது கரண்ட் கட். அதற்கு இன்வெர்ட்டரும் நிரம்பிய தண்ணீர்த் தொட்டியும் போதும், கரண்ட் திரும்பி வரும்போது பிரிட்ஜ் சுவிட்சை மட்டும் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள்.

ஏற்காட்டில் சாமான்களைக் கெடுப்பது இடி மின்னல். சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும்போது லைன் வழியாக வரும் அதிர்ச்சிதான் டிவியையும் மோடத்தையும் காவு வாங்குகிறது. அதற்கான பொருள் வேறே இருக்கிறது, மெயின் போர்டில் எம்சிபிக்குப் (தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) பக்கத்தில் பொருத்துகிற டைப் 2 சர்ஜ் புரொடெக்டர், அதாவது லைனில் வரும் திடீர் மின் அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி. பச்சையாக இருக்கும் அதன் சின்ன ஜன்னல் சிவப்பாக மாறினால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் அதுவும் முழுசாக வேலை செய்யாது. மலையில் பாறை, எர்த் குழி சுலபமாகப் பிடிக்காது, அதனால் முதலில் எலக்ட்ரீசியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. தம்பி வாங்கிய பெட்டியில் எத்தனை பின் என்று பாருங்கள். இரண்டு பின்தான் என்றால் அதற்கு எர்த்தோடு தொடர்பே இல்லை, வரும் அதிர்ச்சியை அது எங்கே கொண்டுபோய் இறக்கும்?

தம்பி பில்லையும், கொடுத்த நோட்டீஸையும் பத்திரமாக வைக்கட்டும். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கட்டும், மறுத்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுக்கலாம். இல்லாத பலனைச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 6,500 தானே என்று விட்டுவிட்டால் அடுத்த ஊர் கண்காட்சியிலும் இதே பெட்டி வரும்.

கேள்வி: சேலத்தில் நில அளவை வேலை செய்கிறேன். புதிதாக வாங்கிய ஆர்டிகே ஜிபிஎஸ் கருவி (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தை அளப்பது) பகலில் நன்றாக இருக்கிறது, இருட்டிய பிறகு சில நாள் 'பிக்ஸ்', அதாவது அந்தத் துல்லியமான நிலை, நிற்பதே இல்லை. பழுதான கருவியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டுக் கடையோடு சண்டைக்குப் போகாதீர்கள். காந்த நடுக்கோட்டுப் பக்கம் சூரியன் மறைந்த பிறகு அயனிமண்டலத்தில் (வளிமண்டலத்தின் உயரே மின்துகள்கள் நிறைந்த அடுக்கு) குமிழிகள் கிளம்பி செயற்கைக்கோள் சிக்னலைக் கலக்கிவிடும், சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களிலும், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களிலும் இது அதிகம். சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை ஆட்டும்போதும் ஜிபிஎஸ்ஸுக்குத் தொல்லை உண்டு, 2024 மே புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்ட விதைக்கும் டிராக்டர்களை விவசாயிகள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. முக்கியமான புள்ளிகளைக் காலையில் எடுங்கள். பல அலைவரிசைகளையும் நம் நாட்டு நாவிக் உட்பட பல நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்களையும் பிடிக்கும் மாடலா என்று பெட்டியில் பாருங்கள், அதற்குத் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். மரமோ கட்டடமோ இல்லாத திறந்த இடத்தில், காலை பத்து மணிக்கும் பிக்ஸ் நிற்காமல் போனால் அது கருவிக் கோளாறுதான். பதிவான பைலோடு வாரண்டி முடியும் முன்பே கடைக்குப் போங்கள்.