குவின்சி ஜோன்ஸ் உடனிருந்தும் அரீத்தா ஃபிராங்க்ளினின் 1973 ஆல்பம் ஏன் எடுபடவில்லை?

நீங்கள் கேட்பது அமெரிக்க சோல் பாடகி அரீத்தாவின் ‘ஹே நவ் ஹே’ ஆல்பத்தைப் பற்றி. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் அதுவரை அரீத்தாவின் பதிவுகளுக்குத் தயாரிப்பாளராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர் இதில் இல்லை. அரீத்தாவும் ஜாஸ் இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸும் சேர்ந்தே தயாரித்தார்கள். முந்தைய ஆண்டு வெளியான ‘அமேசிங் கிரேஸ்’ நற்செய்திப் பாடல் பதிவு பெரும் வெற்றி கண்டிருந்ததால், எதிர்பார்ப்பும் மிகுந்திருந்தது.

குறை திறமையில் இல்லை, தொகுப்பில்தான் இருந்தது என்பது என் கருத்து. ஜாஸ் ஆல்பமாகத் தொடங்கிய எண்ணம் பாதியில் திசைமாறியதோ என்று கேட்பவருக்குத் தோன்றும்படி, பிராட்வே இசை நாடகத்தின் ‘சம்வேர்’, பழைய ஜாஸ் பாடலான ‘மூடிஸ் மூட்’, நீண்ட புளூஸ், சோல் மெல்லிசை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் அடுத்தடுத்து வருகின்றன. ‘சம்வேர்’ பாடலில் ஃபில் வுட்ஸின் சாக்ஸஃபோன் தனியாகக் கேட்டால் அருமை. ஆனால் பக்கத்துப் பாடலோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

இதற்கு நேர்மாறானது ‘ஏஞ்சல்’. தங்கை கரோலின் இணைந்து எழுதிய அப்பாடலை, அவரிடமிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பேச்சுவாக்கில் சொல்லித் தொடங்குகிறார் அரீத்தா. பேச்சு பாட்டாக மாறும் இடத்தில் இசைக்குழு அடங்கி நின்று அந்தக் குரலுக்கு வழிவிடுகிறது. ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாடல்களின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்ததில் வியப்பில்லை. அக்காலத்தில் பதிவான ‘மாஸ்டர் ஆஃப் ஐஸ்’ கிராமி விருதே வென்றது, ஆனால் அதை ஆல்பத்தில் சேர்க்காமல் தனியே வெளியிட்டுவிட்டார்கள்!