எத்தனை அலாரம் வைத்தாலும் எழ முடியாதவர்களுக்கு எந்தக் கடிகாரம்?

கேள்வி இது: “போனில் வரிசையாக ஐந்து அலாரம் வைக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன், அணைத்ததுகூட நினைவில் இருப்பதில்லை. என்னைப் போன்றவர்களுக்கென்றே வித்தியாசமான அலாரம் கடிகாரங்கள் இருக்கின்றனவாமே, அவை உண்மையில் உதவுமா?”

உதவும். ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் எந்த இடத்தில் தவறுகிறீர்கள் என்று பாருங்கள். அலாரம் அடிப்பதே காதில் விழாமல் தூங்குகிறவர்கள் உண்டு. காதில் விழுந்து, கையை நீட்டி அணைத்துவிட்டு, மறுபடி தூங்கிப் போகிறவர்களும் உண்டு. அணைக்கிறீர்கள் என்பதால் நீங்கள் இரண்டாவது ரகம். உங்களுக்கு இன்னும் சத்தமான கடிகாரம் வாங்கிப் பிரயோஜனம் இல்லை, அதையும் அணைத்துவிடுவீர்கள்.

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்படுகிறவரின் மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. மூளைத்தண்டும், மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியும் முதலில் சுறுசுறுப்பாகிவிடும். ‘இன்றைக்கு பஸ்ஸை விட்டால் என்ன ஆகும்’ என்று யோசித்து முடிவெடுக்கிற முன்பகுதி பிந்தித்தான் வரும். இந்த இடைவெளியை உறக்க மந்தம் என்கிறார்கள். வழக்கமாக 15 முதல் 30 நிமிடம், தூக்கம் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட நீளும். அந்த நேரத்தில் கை வேலை செய்யும், புத்தி வேலை செய்யாது. அணைத்தது நினைவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டினால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். என் தம்பி வருஷக்கணக்கில் அந்தப் பேச்சைக் கேட்டவன், அது எவ்வளவு அநியாயம் என்று எனக்குத் தெரியும்.

ஆக உங்களுக்குத் தேவை, படுத்த இடத்தில் இருந்தபடி அணைக்க முடியாத ஓர் ஏற்பாடு. இது புது யோசனை இல்லை. அலாரம் கடிகாரம் எல்லோர் கைக்கும் வராத காலத்தில் இங்கிலாந்தின் ஆலை ஊர்களில் வாரக் கூலிக்கு ஆள் வைத்து எழுப்பச் சொன்னார்கள். நீண்ட கழியால் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண் குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஜன்னல் கண்ணாடி மீது ஊதினார், அவருடைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த அம்சம், பலர் உள்ளே இருப்பவர் ஜன்னலுக்கு வந்து முகத்தைக் காட்டும் வரை நகரமாட்டார்கள் என்பது. “சரி, எழுந்துட்டேன்” என்று உள்ளிருந்து வரும் குரலை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய கடிகாரங்களில் அதே வேலையைச் செய்வது க்ளாக்கி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மீடியா லேப் மாணவியாக இருந்தபோது கௌரி நந்தா உருவாக்கியது. இரண்டு பக்கமும் சக்கரம். ஒருமுறை ஸ்னூஸ் அழுத்தலாம், அதற்குப் பிறகு மேஜையிலிருந்து குதித்து அறைக்குள் அலறிக்கொண்டே ஓடும். கிட்டத்தட்ட மூன்று அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். முதல் மாதிரிக்குப் பழுப்பு நிறத்தில் சடைசடையான கம்பளத் துணி போர்த்தியிருந்தார். 2005-இல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசு இதற்குக் கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. எழுந்து துரத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும், அதற்குள் ரத்த ஓட்டம் வந்துவிடும். தனி அறையில் கட்டிலில் படுப்பவருக்கு அருமையான பொருள். ஹாலில் நான்கு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டுக்கு ஒத்துவராது, பாட்டியின் தலைமாட்டில் போய் முட்டி நிற்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, தரையில் விரித்து வைக்கும் மிதியடி அலாரம் பரவாயில்லை. இரண்டு காலையும் ஊன்றிச் சில விநாடி நின்றால்தான் அடங்கும். இன்னும் சுலபம், அலார்மி போன்ற செயலி. தென்கொரிய நிறுவனத்தின் தயாரிப்பு. அலாரத்தை அணைக்க நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்த பொருளைப் போய்ப் படம் எடுக்க வேண்டும், அல்லது அதன் பார்கோடைக் காட்ட வேண்டும். கணக்குப் போடச் சொல்லும் வசதியும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். படுத்துக்கொண்டே கூட்டல் கழித்தல் போடக் கை பழகிவிடும், நடக்காமல் படம் எடுக்க முடியாது.

தம்பிக்கு ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு வெகு முன்னாலேயே கம்பெனி பஸ் முக்குக்கு வந்துவிடும். அவனுக்குக் குளியலறைக் குழாயைத்தான் படமாக வைத்துக் கொடுத்தேன். பேஸ்ட், டீத்தூள் டப்பா எல்லாம் யாராவது இடம் மாற்றி வைத்துவிடுவார்கள், குழாய் எங்கும் போகாது. அங்கே போய் நின்றதும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறான், அதோடு முடிந்தது. முக்கியமான ஒன்று: போன் படுக்கைக்கு எட்டாத தூரத்தில், சார்ஜரில் இருக்க வேண்டும். தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டால் போனையே ஆஃப் செய்துவிடுவீர்கள்.

அப்புறம், காதிலேயே விழாதவர்கள். இவர்களுக்கு சோனிக் பாம் என்ற பிரபலமான கடிகாரம் இருக்கிறது, 113 டெசிபல் வரை அலறும். தெருவே எழுந்துவிடும் என்பதால் அந்தச் சத்தத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதனோடு வரும் அதிர்வுத் தட்டைத்தான் சொல்வேன். மெத்தைக்கு அடியிலோ தலையணை உறைக்குள்ளோ வைத்தால் தலையோடு உலுக்கும். காது கேளாதவர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கும் முறை இது. அதிர்வு போதுமா என்று சோதிக்க, அதிரும் அலாரம் உள்ள சாதாரண ஃபிட்னஸ் பேண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்துப் பார்க்கலாம். பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கமும் கெடாது.

இந்த வகையில் என்னை மிகவும் கவர்ந்தது ஜப்பான் ரயில்வேயில் இருப்பது. அங்கே ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பணியிட ஓய்வறையில் படுத்து அதிகாலை வண்டியை எடுக்க வேண்டும். ஒருவர் அலாரம் வைத்தால் மற்றவர்களும் விழித்துக்கொள்வார்கள். ஆகவே படுக்கைக்குள் ஒரு காற்றுப் பையைப் பதித்திருக்கிறார்கள். குறித்த நேரத்தில் மின்விசிறி காற்றை நிரப்ப, முதுகு மெல்ல மேலெழும், அப்புறம் காற்று இறங்கும், மறுபடி எழும். முதுகு வில்லாக வளையும்போது யாராலும் தூங்க முடியாது. வண்டி ஒரு நிமிடம் தாமதமானாலும் பயணிகளிடம் வருத்தம் தெரிவிக்கிற நாட்டில், ஊழியரைத் திட்டிக்கொண்டிருக்காமல் அவர் உடம்புக்கு ஏற்ற கருவியைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நம்மூர்க் கம்பெனிகளும் ஷிஃப்ட் ஆட்களைப் பற்றி இந்த மாதிரி யோசிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

வாசனையால் எழுப்பும் கடிகாரங்களும் விற்கிறார்கள், காபி மணம், ரொட்டி மணம் என்று. அதை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன், ரேச்சல் ஹெர்ஸ் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தவர்களைப் புதினா மணமும் எழுப்பவில்லை, பிரிடின் என்ற துர்நாற்றமும் எழுப்பவில்லை. ஆனால் நெடி வேறு விஷயம். காது கேளாதவர்களைத் தீ விபத்தில் எழுப்ப, ஜப்பானியர்கள் வசாபி நெடியைக் காற்றில் தெளிக்கும் அலாரம் செய்தார்கள். அதற்கு 2011-இல் வேதியியலுக்கான இக் நோபல். வசாபியின் காரத்துக்கும் கடுகின் காரத்துக்கும் காரணம் ஒரே பொருள், அல்லைல் ஐசோதயோசயனேட். அது மூக்கை எரிச்சலூட்டும், அந்த எரிச்சல் செல்லும் நரம்பு முகர்ச்சி நரம்பு அல்ல. அடுப்படியில் மிளகாய் வறுத்தால் தூங்குகிற ஆள் இருமிக்கொண்டே எழுவதும் இதனால்தான். தினசரி அலாரத்துக்கு இது வேண்டாம்!

வீட்டில் எழவே எழாத பிள்ளைகள் இருந்தால் கடிகாரம் வாங்காதீர்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 5 முதல் 12 வயது வரையுள்ள 176 குழந்தைகளைப் புகை அலாரத்தை வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான கீச்சொலிக்குப் பாதிப் பேரை விடச் சற்று அதிகமானவர்கள் மட்டுமே எழுந்தார்கள். பதிவு செய்த அம்மாவின் குரலுக்குப் பத்தில் ஒன்பது பேர் எழுந்தார்கள். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், சொல்லாமல் “எழுந்திரு” என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. போனில் அம்மாவின் குரலைப் பதிந்து அலாரமாக வைக்க ஒரு பைசா செலவில்லை. பெரியவர்களுக்கும் முயன்று பார்க்கலாம். வயதானவர்களுக்குக் கீச்சென்ற ஒலியை விடத் தாழ்ந்த, கனத்த ஒலி நன்றாகக் கேட்கும். 520 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் புகை அலாரங்கள் அதனால்தான் படுக்கையறைகளுக்கு வந்திருக்கின்றன.

ஸ்னூஸ் பொத்தான் 1956-இல் ஜெனரல் எலக்ட்ரிக் கடிகாரத்தில் வந்தது. ஒன்றிரண்டு முறை அழுத்திவிட்டுச் சரியான நேரத்தில் எழுகிறவர்களுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை என்றுதான் அண்மை ஆய்வும் சொல்கிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை, அதை அமைப்பிலேயே எடுத்துவிடுங்கள். ஐந்து அலாரத்துக்குப் பதில் ஒன்று போதும். முதல் நான்கும் உங்கள் தூக்கத்தைத் துண்டாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

இதையெல்லாம் ஒரு மாதம் சரியாகச் செய்தும், ஏழெட்டு மணி நேரம் தூங்கியும், காலையில் கண் திறக்க முடியாமல் பகலிலும் சொக்கிக்கொண்டு வருகிறதென்றால் கடிகாரக் கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, தைராய்டு குறைவு, ரத்தசோகை, மனச்சோர்வு, இரவில் போடும் சில மாத்திரைகள் என எதுவும் காரணமாக இருக்கலாம். பலத்த குறட்டை உண்டா, இடையில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேட்டுக்கொண்டு போனால், ஸ்லீப் ஸ்டடி என்ற தூக்கப் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்வது டாக்டருக்குச் சுலபமாக இருக்கும்.