33 வயதில் ஆசிரியராகப் பயிற்சி எடுக்கலாமா? வன்னியிலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இதுதான்: வயது 33, விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, புதுக்குடியிருப்பில் தனியார் வேலை. இனி இடைநிலை வகுப்புகளுக்கு ஆசிரியராக வரமுடியுமா, பிந்திவிட்டதா?

பிந்தவில்லை. எனக்கு நியமனம் கிடைத்தபோது வயது 34. அதற்கு முன், மீள்குடியேற்றக் காலம் தொட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளம் என்று மோட்டார் சைக்கிளில் திரிந்து கமக்காரரோடு வேலை. திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது.

வழியில்தான் பலர் குழம்புகிறார்கள். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரி உயர்தரம் முடித்த இளம் பிள்ளைகளுக்கானது. மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. கோப்பாய் ஆசிரியர் கலாசாலை ஏற்கெனவே சேவையில் இருக்கும், பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கு. பட்டதாரிக்குள்ள வாசல் மாகாணத்தின் போட்டிப் பரீட்சை. நியமனம் கிடைத்தபின், படிப்பித்துக்கொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் செய்யலாம், திறந்த பல்கலைக்கழகத்திலும் செய்யலாம். வயதெல்லை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறும். முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

வார இறுதி வகுப்புக்கு விடியமுன் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பேன். மகளுக்கு அப்போது நாலு வயது, அம்மாதான் பார்த்துக்கொண்டா. அம்மா இல்லாவிட்டால் நான் முடித்திருக்க மாட்டேன்.

கல்வி உளவியலும் மதிப்பீடும் வாசித்தால் விளங்கும். கற்பித்தல் பயிற்சிதான் என்னை உலுப்பியது. ஒன்பதாம் தரத்துக்கு அடர்த்தி. வரைவிலக்கணம், சூத்திரம், நீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம், இரண்டு கணக்கு என்று நாற்பது நிமிடமும் நானே கதைத்தேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதினார்கள். நல்ல வகுப்பு என்றே நினைத்தேன். பின்வாங்கில் இருந்து பார்த்த விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்வி: "யன்னலோரம் இருக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கினது?" எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் நான் பார்க்கவேயில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

அடுத்த கிழமை ஒரு வாளி தண்ணீர், உப்பு, முட்டை, கொஞ்சம் விதைநெல்லோடு போனேன். முட்டை தண்ணீரில் தாழ்ந்தது. உப்பைக் கரைக்கக் கரைக்க மேலே வந்தது. ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த மௌனம்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அருவிவெட்டுக் காலத்தில் பள்ளிக்கூடப் பக்கமே வராத ஒரு பெடியன் எழும்பினான். "ரீச்சர், முட்டை காசளவு வெளியில தெரியோணும். அப்பா அப்பிடித்தான் பாக்கிறவர்." நெல்லையும் அவனே கொட்டினான். சப்பட்டை மிதந்தது, நல்ல நெல் தாழ்ந்தது. சப்பட்டை ஏன் மிதக்குது என்று மற்றவர்கள் அவனைக் கேட்டார்கள். உமியும் காற்றும்தான், உள்ளுக்குப் பாரமில்லை என்றான். சூத்திரத்தை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். மணி அடிக்கும்போது அவன் வந்து, "இனி நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசோணும் ரீச்சர், இல்லாட்டி முளைக்காது" என்று நெல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

கமக்காரர் உப்புக்கரைசலில் போட்டு நல்ல விதைநெல்லைத் தெரிவுசெய்வதை நான் பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆனாலும் முதல் நாள் அது என் நினைவுக்கே வரவில்லை. ஆசிரியை என்றால் புத்தகத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நானாக எண்ணிக்கொண்டேன். உங்கள் பழைய வேலை எதுவாக இருந்தாலும், அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் போகாதீர்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் குறையும், வீட்டில் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை வேலையை விடவேண்டாம். அதற்கிடையில் பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் கேட்டு, ஒரு கிழமையாவது ஒன்பதாம் தர வகுப்பில் பின்வாங்கில் இருந்து பாருங்கள். பலகையைப் பார்க்கவேண்டாம், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். ஐந்தாம் நாளும் போக மனம் வந்தால் விண்ணப்பியுங்கள்.