‘மார்ட்டல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘மார்ட்டல்’ என்றால் ‘அழியக்கூடிய’ என்கிறது அகராதி. அப்படியானால் ‘மார்ட்டல் எனிமி’ அழியக்கூடிய எதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பரம எதிரி. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டால் இப்படித்தான் தடுக்கும்.

லத்தீனில் ‘மோர்ஸ்’ என்றால் சாவு. அதில் பிறந்த இந்தச் சொல் சாகிறவரையும் குறிக்கும், சாகடிப்பதையும் குறிக்கும். பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் வழிகாட்டும். மனிதன் என்று வந்தால் ‘சாவுக்கு உட்பட்டவன்’. காயம் என்று வந்தால் ‘உயிரைப் பறிக்கும் காயம்’. பயம் என்று வந்தாலோ சாவை விட்டுவிடலாம், ‘குலைநடுக்கம்’ போதும். கத்தோலிக்கர் வழக்கில் ‘மார்ட்டல் சின்’ என்பது ‘சாவான பாவம்’, அதை மாற்றாதீர்கள். ‘மார்ட்டல் ரிமெய்ன்ஸ்’ என்பதைத் தயவுசெய்து ‘எஞ்சிய பாகங்கள்’ என்று எழுதாதீர்கள். துக்கச் செய்தியில் அப்படி எழுதினால் உடல் சிதைந்துபோனதாக அர்த்தமாகிவிடும். ‘பூதவுடல்’ என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது.

நம் ‘மரணம்’ வடமொழியிலிருந்து வந்தது. அதற்கும் மார்ட்டலுக்கும் வேர் ஒன்றே. சாவில்லாதது என்று பொருள்படும் ‘அமிர்தம்’ கூட அதே குடும்பம்தான்.

‘ஃபேட்டல்’, ‘லீத்தல்’ இரண்டையும் இதோடு குழப்ப வேண்டாம். உயிர் போன விபத்து ஃபேட்டல். அங்கே மார்ட்டல் என்று யாரும் சொல்வதில்லை. கொல்லும் திறன் உள்ள விஷமோ ஆயுதமோ லீத்தல், இன்னும் யாரும் சாகாவிட்டாலும்.

‘மார்ட்டாலிட்டி’க்குத் தத்துவப் பேச்சில் ‘யாக்கை நிலையாமை’யைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. புள்ளிவிவரத்தில் அது ‘இறப்பு விகிதம்’. இங்கே எதை எதனால் வகுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சிசு இறப்பு விகிதம் என்பது, உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிரம்பும் முன் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. இறந்தே பிறந்தவை இதில் சேராது. பேறுகால மரணத்தில் அடிப்படை 1,00,000 உயிருள்ள பிறப்புகள். கர்ப்ப காலத்திலும், அது முடிந்து 42 நாள் வரையிலும், கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேர்ந்த சாவுகள் மட்டுமே கணக்கு.

செய்திகளில் அதிகம் தவறுவது இன்னொன்று. 1,000 பேர் உள்ள ஊரில் 100 பேருக்குக் காய்ச்சல், 5 பேர் சாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மொத்தத்துக்கும் அந்த நோயால் இறப்பு விகிதம் 0.5 சதவீதம். நோய் கண்டவர்களில் பார்த்தால் 5 சதவீதம். இதற்குப் பெயர் ‘கேஸ் ஃபேட்டாலிட்டி’. இதையும் ‘இறப்பு விகிதம்’ என்றே எழுதினால் ஊரே பதறும். ‘நோய் கண்டவர்களில் இறந்தோர்’ என்று விரித்து எழுதுங்கள்.