கேளுங்கள், சொல்கிறேன்: இடிபாட்டுக்குள் ஒரு மூக்கு

(மீட்பு நாய்களோடு 16 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கட்டடம் இடிந்த இடத்தில் நாய் எதை மோந்து தேடுகிறது? சிக்கியவரின் சட்டையைக் காட்டுவார்களா?
– கல்லூரி மாணவர், ஆம்பூர்

சட்டை காட்டுவது வேறு வேலை, தம்பி. திருட்டு நடந்த வீட்டுக்கு வரும் போலீஸ் நாய், திருடன் விட்டுப்போன பொருளை மோந்துவிட்டு அவன் நடந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். இடிபாட்டில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியாது. யார் சட்டையை எடுத்து வருவது?

அதனால் எங்கள் நாய்க்குச் சொல்லித் தருவது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து உயிருள்ள மனுஷ வாசனை வந்தால், அங்கேயே நின்று குரைக்க வேண்டும். மேலே நின்று சட்டி தூக்குபவர், போன் பேசுபவர், அழுபவர் யாரையும் அது கண்டுகொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ஆளைக் கண்டுபிடித்தால் பரிசு கிடையாது என்பது அதற்குத் தெரியும்.

நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதோடு வியர்வை, மூச்சு எல்லாம் சேர்ந்து காற்றோடு போகும். பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். நுனியில் புகை கெட்டியாக இருக்கும், போகப் போக விரியும். நாய் அந்த விரிந்த பக்கத்தில் நுழைந்து, காற்றுக்கு எதிராக இடமும் வலமும் வளைந்து வளைந்து நுனிக்கு வரும். வாசனை உணரும் செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் அதற்கு 20 கோடிக்கும் மேல்.

ஒரு நாய் குரைத்துவிட்டது என்பதற்காக உடனே தோண்ட மாட்டார்கள். அதை விலக்கிவிட்டு இன்னொன்றை விடுவார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை போனபோது நூர்தாகி என்ற ஊரில் இப்படித்தான் நடந்தது. ஜூலி என்ற நாய் ஓரிடத்தில் குரைத்தது. ரோமியோவைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் அங்கேயே குரைத்தது. தோண்டினால் உள்ளே 6 வயதுப் பெண் குழந்தை, உயிரோடு.

எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷெட் நாற்றம் நமக்கே தாங்காது. அதற்கு நடுவே நாய்க்கு மனித வாசனை தெரியுமா?
– ஆசிரியை, ராணிப்பேட்டை

தெரியும் டீச்சர். நாம் சாம்பார் வாசனை என்று ஒன்றாகச் சொல்வதை நாய் பெருங்காயம், புளி, வெந்தயம் என்று தனித்தனியாகப் பிரித்துத் தெரிந்துகொள்ளும். தோல் நாற்றம் அதற்கு ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். ஆனால் அந்த நாற்றத்தை முதல் தடவையாகப் பேரிடர் நாளில்தான் காட்டினால் குழம்பும். அதனால்தான் பயிற்சிக்கு எங்கெங்கோ கூட்டிப்போவோம். கோழிப் பண்ணை, ரைஸ் மில், பழைய இரும்புக் கடை, ஒருமுறை மீன் மார்க்கெட்டின் பின்பக்கம். ஷெட்டுகளில் எனக்குப் பயம் நாற்றத்தைப் பற்றியல்ல, தரையில் தேங்கும் ரசாயனத் தண்ணீரைப் பற்றி. பாதத்தில் பட்டதை நாய் நக்கிவிடும். வேலை முடிந்ததும் நாலு காலையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

என்னிடம் 4 மாத சிப்பிப்பாறைக் குட்டி இருக்கிறது. மீட்பு நாயாகப் பழக்க முடியுமா? லேப்ரடார்தான் வேண்டுமா?
– நெசவாளர், குடியாத்தம்

படைகளில் பெரும்பாலும் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய்ஸ்தான் இருக்கும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து ஓடி வேட்டையாடிய வகை. வெயிலைத் தாங்கும், காற்றாய்ப் பறக்கும், ஆனால் ஒரு முயல் குறுக்கே ஓடினால் அண்ணனுக்குக் கட்டடமும் ஞாபகம் இருக்காது, நீங்களும் ஞாபகம் இருக்க மாட்டீர்கள். முடியாது என்று சொல்லவில்லை. 2020-ல் கேரளத்தில் பெட்டிமுடி நிலச்சரிவில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தபோது, வீட்டுக் குழந்தையின் உடலைக் காட்டிக் கொடுத்தது குவி என்ற நாய். எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண வீட்டு நாய்தான் அது.

நான் சாதியைப் பார்க்க மாட்டேன், குட்டியைப் பார்ப்பேன். ஒரு பந்தைக் காட்டி ஆசை மூட்டி, முழங்கால் உயரப் புல்லுக்குள் எறியுங்கள். 2 நிமிடம் தேடிவிட்டு உங்கள் காலடிக்கு வந்து உட்கார்ந்தால் அது நல்ல வீட்டு நாய், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் கழித்தும் மூக்கைத் தூக்காமல், நீங்கள் கூப்பிட்டும் வராமல் தேடிக்கொண்டே இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தகரம் சடசடத்தால் அலறி ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

தேறினால் ஆரம்பம் சின்னப் பிள்ளை விளையாட்டுதான். நீங்கள் குட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் பந்தைக் காட்டிக்கொண்டே ஓடி, படுக்கப் போட்ட ஒரு பீப்பாய்க்குள் நுழைந்து மூடியைச் சாத்திக்கொள்ளட்டும். விடுங்கள். குட்டி ஓடிப் போய்ச் சுரண்டும், முனகும், சுற்றிச் சுற்றி வரும். உள்ளே இருப்பவர் மூச்சுக் காட்டக் கூடாது. எரிச்சலில் ஒரு தடவை 'வள்' என்று குரைக்கும் பாருங்கள், அந்த நொடியே மூடி திறக்க வேண்டும், பந்து வர வேண்டும், உள்ளே இருந்தவர் குட்டியோடு கட்டிப் புரண்டு விளையாட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் சுரண்டியதற்குப் பரிசு கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு குரைப்பு நாலைந்தாகி, அப்புறம் மூடி திறக்கும்வரை விடாத குரைப்பாக வேண்டும்.

அதற்குப் பிறகு ஆள் ஓடுவதைக் காட்டாமல் ஒளிய வைப்பது, மூன்று பீப்பாயில் ஒன்றில் மட்டும் ஆள், பிறகு கல்குவியல் என்று போகும். வேலைக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு வருஷம் ஆகும். ஒளியும் ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். எப்போதும் உங்கள் மச்சானே ஒளிந்தால் நாய் மச்சானைத் தேடக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் எப்படி வேலை வாங்குவீர்கள்?
– பேருந்து நடத்துநர், திருப்பத்தூர்

பயிற்சி காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிந்துவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இரைக்கும்போது வாயால் மூச்சு விடுகிறது, மோப்பம் பாதியாகிவிடும். அதாவது சூடேறிய நாய் மூக்கை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த நாய். பேரிடர் நேரம் பார்த்து வராதே என்பீர்கள். அப்போது 15, 20 நிமிடம் வேலை, பிறகு நிழல், தண்ணீர், வேறு நாய். தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் பாலாற்றைக் கிண்டல் செய்வார்களே, அந்த மணலில் மே மாதம் பத்து மணிக்குமேல் நாயை இறக்கினால் பாதம் வெந்துவிடும். உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், 5 விநாடி வைக்க முடியவில்லையா, நாயும் வேண்டாம். ஈறு செங்கல் நிறமாகி நடை தள்ளாடினால் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

யாரையும் உயிரோடு கண்டுபிடிக்க முடியாவிட்டால் நாய் வருத்தப்படுமா?
– இல்லத்தரசி, வாணியம்பாடி

மனுஷச் சாவுக்காக அது வருந்துகிறதா என்று நான் அதனிடம் கேட்டதில்லை, அம்மா. பரிசு கிடைக்காமல் நாள் முழுக்கத் தேடினால் சோர்ந்துவிடும், அது எனக்கு நிச்சயம். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாட்டில் உயிரோடு ஆள் கிடைக்காமல் நாய்கள் துவண்டபோது, அங்கே வேலை செய்தவர்களே போய் ஒளிந்துகொண்டு அவற்றைக் கண்டுபிடிக்க விட்டார்கள். நாங்களும் அதைத்தான் செய்வோம். அன்றைய வேலை முடியும்போது யாராவது ஒருவர் ஒரு தகரத்துக்குப் பின்னால் படுத்துக்கொள்வார்.

இறந்தவர்களைத் தேடுவதற்கென்றே தனியாகப் பழக்கிய நாய்களும் உண்டு. 2024-ல் வயநாட்டில் கேரளப் போலீஸின் மாயாவும் மர்ஃபியும் சேற்றில் செய்தது அந்த வேலை.

நீங்கள் செய்த பெரிய தப்பு எது? மறைக்காமல் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாலாஜாபேட்டை

சரி சார், சொல்கிறேன். பொன்னி என்று ஒரு லேப்ரடார். ரெஜிஸ்டரில் வேறு பெயர், நான் கூப்பிட்டது பொன்னி. அப்போது அதற்கு 2 வயது முடியவில்லை. பாலாற்றங்கரையில் கைவிட்ட ஒரு சிம்னி சூளையில் பயிற்சி. ஆளை எங்கே ஒளிய வைத்திருக்கிறார்கள் என்று ஹேண்ட்லருக்கு, அதாவது நாயை நடத்துபவருக்கு, தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் டீ குடிக்கும்போது ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார், கிழக்குக் கோடி அறையில் ஆள் இருக்கிறார் என்று.

பொன்னி நேரே மேற்கே போனது. சிம்னி அடியில் சுவரில் ஒரு விரற்கடை விரிசல். அதைக் கடந்து நாலடி போனது, சட்டென்று யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி தலை மட்டும் திரும்பியது, உடம்பு பிறகுதான் திரும்பியது. விரிசலில் மூக்கை வைத்து மூன்று தடவை இழுத்தது. வால் ஆட்டம் நின்றது. குரைக்க ஆரம்பித்தது. எனக்குத்தான் தெரியுமே! "வா பொன்னி, அங்கே இல்லை" என்று கூப்பிட்டேன். வந்தது, மறுபடி ஓடிப்போய் அங்கேயே குரைத்தது. போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிழக்கே கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று அறையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே குரைத்தது. கற்களை விலக்கினோம், ஆள் இருந்தார், எல்லாரும் கைதட்டினார்கள்.

சூளையை அந்தக் காலத்தில் நடத்திய பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கேட்டார்: "ஏம்பா, அறைப் புகையெல்லாம் அடிப்புழை வழியா சிம்னிக்குத்தானே போகும்? நாய் சரியாத்தானே நின்னுச்சு?" காலை வெயில் ஏற ஏற சிம்னி காற்றை இழுத்திருக்கிறது. ஒளிந்தவரின் வாசனை தரைக்கடியில் ஓடும் அந்தப் புகைவழியில் அத்தனை தூரமும் போய் அந்த விரிசலில் வந்திருக்கிறது. பொன்னி வாசனை வந்த இடத்தைச் சொன்னது. அங்கிருந்து ஆளுக்கு வழி கண்டுபிடிப்பது என் வேலை, அதன் வேலையல்ல.

அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் பொன்னி குரைப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நின்றால் குரைக்கும், நடந்தால் நகரும். ஆள் இல்லாத இடத்தில் நான் சும்மா பீடி பற்றவைக்க நின்றாலும் குரைத்தது. ஒரே காலையில் நான் கெடுத்ததைச் சரிசெய்ய, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பயிற்சி கொடுத்தேன். இதே சங்கதியை 2011-ல் கலிபோர்னியாவில் சோதித்திருக்கிறார்கள். போதைப்பொருள், வெடிபொருள் நாய்கள் 18, கூடவே அவற்றின் ஹேண்ட்லர்கள். எங்கேயும் எந்தப் பொருளும் வைக்கவில்லை. சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தால் அங்கே பொருள் இருக்கும் என்று ஹேண்ட்லர்களிடம் மட்டும் சொன்னார்கள். 200 தடவைக்கு மேல் 'கண்டுபிடித்தாயிற்று'! என் மேலிடத்தில் நான் இதை அன்றைக்குச் சொல்லவில்லை. கைதட்டல் வாங்கியவன் எப்படிச் சொல்வான்?

எங்கள் பகுதியில் அப்படி ஏதாவது நடந்தால் பொதுமக்கள் என்ன செய்யலாம்?
– மளிகைக் கடைக்காரர், சோளிங்கர்

உங்களுக்குப் பக்கத்தில் அரக்கோணத்திலேயே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது, அதனால் நாய் வர நேரமாகாது. 2014-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தபோதும் அங்கிருந்துதான் போனார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, குவியலைவிட்டு இறங்கித் தள்ளி நிற்பது. சிகரெட், குப்பைத் தீ வேண்டாம், ஜெனரேட்டர் புகை குவியல் பக்கம் போக வேண்டாம். 'அமைதி' என்று சொன்னால் போனில்கூடப் பேசாதீர்கள், அடியிலிருந்து தட்டும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். நாயின் கழுத்தில் பட்டை இல்லை, காலில் ஷூ இல்லை என்று பரிதாபப்பட வேண்டாம். பட்டை கம்பியில் மாட்டிக்கொள்ளும், விரல் விரித்துப் பிடிக்காமல் உடைந்த ஸ்லாபில் ஏற முடியாது. பிஸ்கட் போடாதீர்கள். தயவுசெய்து.

ஆளைக் கண்டுபிடித்தால் நாய்க்கு என்ன கொடுப்பீர்கள்? பிரியாணியா?
– 5-ஆம் வகுப்பு மாணவி, ஆற்காடு

டென்னிஸ் பந்து, கண்ணு. அதுவும் புதுசு கொடுத்தால் பொன்னிக்குப் பிடிக்காது, பழைய எச்சில் பந்துதான் வேண்டும். ஒளிந்திருந்தவருக்கு டீ. பிரியாணி எனக்கு.