திரும்பும் படகிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஒருநாள் பயணம்

கேள்வி: ஏப்ரல் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறோம். நகரத்தில் அறை எடுத்து நான்கு நாள் தங்கப்போகிறோம். நானும் கணவரும், பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், முழங்கால் வலியுள்ள என் மாமியார் (68) ஆகியோர் வருகிறோம். நெடுந்தீவு, நயினாதீவு இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காரைநகரையும் பார்க்க ஆசை. கச்சதீவுக்குப் போக முடியுமா? எப்படித் திட்டமிடுவது?
- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்னது பொய்யல்ல. காலையில் நெடுந்தீவு போய், பிற்பகலில் திரும்பி, இறங்கிய அதே துறையில் நயினாதீவுப் படகைப் பிடித்து, அம்மனைக் கும்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் கரை சேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இறங்குதுறைகளையும் படகுகளையும் பற்றித்தான் சொல்வார்கள். நெடுந்தீவு தனியாக ஒரு பகலைக் கேட்கும் தீவு. நயினாதீவு அரை நாளில் நிறைவாக முடியும். காரைநகருக்குத் தரைவழி இருக்கிறது. இந்த மூன்றையும் மூன்று நாளாகப் பிரியுங்கள். உங்களிடம் நான்கு நாள் இருப்பதால் ஒரு நாள் மிச்சமும் இருக்கும். அந்த மிச்ச நாள் ஏன் தேவை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தீவுப் பயணத்தை எல்லோரும் காலையிலிருந்து திட்டமிடுகிறார்கள்: எத்தனை மணிக்கு எழுவது, எந்த வண்டியில் போவது, முதலில் எதைப் பார்ப்பது. நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது. தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முதலில் கேளுங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நெடுந்தீவுக்கு நாள் முழுவதும் படகுகள் வந்து போய்க்கொண்டிருப்பதில்லை. காலையில் சில புறப்படும், பிற்பகலில் சில திரும்பும், அவ்வளவுதான். நேரங்கள் காற்றுக்கும் பழுதுக்கும் ஏற்ப மாறும். இணையத்தில் பார்த்த நேர அட்டவணையை நம்பிப் புறப்பட வேண்டாம். முந்தின நாள் மாலை உங்கள் விடுதிக்காரரிடம் சொல்லித் துறையில் விசாரிக்கச் செய்யுங்கள். நெடுந்தீவில் இறங்கும்போது படகோட்டியிடமே மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை, நண்பகலுக்குப் பிறகு தனிப்படகு பேசிக்கொண்டு போன ஒரு குடும்பம் மாலையில் காற்று ஏறிவிட்டதால் திரும்ப முடியாமல் நின்றது. ஊரார் ஒரு வீட்டைத் திறந்துவிட்டுச் சோறு போட்டார்கள். அந்த மக்களின் மனம் அப்படிப்பட்டது. அதற்காக அதை நம்பித் திட்டம் போடலாகாது.

இரண்டு தீவுகளுக்கும் புறப்படும் இடம் குறிகட்டுவான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி (ஆழமில்லாத கடலின் குறுக்கே போட்ட சாலை) வழியாக மண்டைதீவை ஒட்டிச் சென்று, வேலணையைக் கடந்து, இன்னொரு தாம்போதியில் ஏறினால் புங்குடுதீவு. அதன் முனையில் இருக்கிறது இந்தத் துறை. 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், வாடகைக் காரில் அதைவிடக் குறைவு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்து சேரும் காங்கேசன்துறையைக் கே.கே.எஸ். என்பார்கள். குறிகட்டுவானைக் கே.கே.டி. என்பார்கள். முதலாவது குடாநாட்டின் வடகரை, இரண்டாவது தென்மேற்குக் கோடி. ஓட்டுநரிடம் முழுப்பெயரையே சொல்லுங்கள்.

தாம்போதியில் போகும்போது அவசரப்படாதீர்கள். இருபுறமும் முழங்கால் ஆழத்துக்குப் பரவைக்கடல், அதில் நட்டு நிற்கும் மீன்பிடிக் கம்புகள், தூரத்தில் நீரில் நடந்துபோகும் மனிதர்கள். பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும்.

நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். புங்குடுதீவின் மறைவு விட்டபின் திறந்த கடல் என்பதால் நயினாதீவுப் பாதையைவிட அலை அதிகம். ஏப்ரல் கடைசியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே மாதத்திலிருந்து சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வலுக்கும். பிறகு மழைக்காலத்தில் வாடைக்காற்று. நீங்கள் தேர்ந்த காலம் நல்லது. வெயில் ஒன்றுதான் அதன் விலை.

படகில் உள்ளே இறங்கி உட்காரும்படி சொல்வார்கள். டீசல் வாடையும் புழுக்கமும் சேர்ந்தால் குமட்டும். காற்று வரும் ஓரமாக இடம்பிடியுங்கள், காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கியை எல்லோரும் அணிய வேண்டும். சிறுவனுக்கு அவன் உடம்புக்குப் பொருந்தும் அளவைக் கேட்டு வாங்குங்கள், பெரியவர்களுடையது அவன் தோளிலிருந்து கழன்றுவிடும். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, மருத்துவமனைக்குப் போய் வரும் நோயாளி என்று அந்தத் தீவின் வாழ்க்கை முழுவதும் இதே படகில்தான் போகிறது. கூட்டமாக இருந்தால் ஊர்க்காரருக்கு இடம் விடுங்கள்.

இறங்குவது மாவலித்துறை. அருகிலேயே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் செய்யும்போது கொல்லப்பட்ட மக்களுக்காக எழுப்பியது. அந்தக் கடலைத்தான் நீங்கள் இப்போது கடந்து வந்தீர்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

துறையிலேயே ஆட்டோக்களும் பிக்கப் வண்டிகளும் நிற்கும். தீவின் பரப்பு 50 சதுர கிலோமீட்டர் அளவு. நடந்து பார்க்கும் தீவல்ல. வண்டி ஏறுமுன் கட்டணம், பார்க்கும் இடங்கள், துறைக்குத் திரும்ப வேண்டிய நேரம் மூன்றையும் பேசி முடியுங்கள். மதியச் சாப்பாட்டையும் அப்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால் சிறிய உணவகம் ஏதாவதொன்றில் ஏற்பாடு செய்துவிடுவார். முன்கூட்டிச் சொல்லாமல் பன்னிரண்டரைக்குப் பசியோடு போய் நின்றால் கிடைப்பது உறுதியில்லை. குடிநீரைக் கரையிலிருந்தே எடுத்துப் போங்கள்.

என்ன பார்ப்பது? வழிகாட்டிகள் பட்டியலின் முதலில் குதிரைகளை வைப்பார்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இங்கிருப்பதாகச் சொல்லப்படும் குதிரைகளின் வழிவந்தவை இவை. கட்டுப்பாடற்று வெளியில் மேய்பவை. தீவின் தெற்கே திறந்த புல்வெளியில் கூட்டமாக நிற்கும். ஏப்ரலில் மழை முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும், தண்ணீருக்கு அவை படும் பாடு கண்ணில் தெரியும். படம் எடுப்பதற்காக வண்டியை விட்டுத் துரத்தச் சொல்லாதீர்கள். ஓட்டுநர் தானாகவே துரத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள். வறண்ட காலத்தில் ஒரு குதிரையை வீணாக ஓடவைப்பது அதன் உயிரோடு விளையாடுவது.

எனக்கு நெடுந்தீவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேலிகள். பனையோலையும் கிடுகும் அல்ல, முருகைக்கல். கடல் தந்த பவளக் கற்களைச் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் இடுப்பு உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். வீடு, தோட்டம், ஒழுங்கை எல்லாவற்றுக்கும் இதே வேலிதான். கல்லின் இடுக்கு வழியே காற்று புகுந்து போவதால் சுவர் சாயாமல் நிற்கிறது. மகளிடம் ஒரு கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பவளப்பூச்சிகள் கட்டிய சிறு அறைகள் கையில் தட்டுப்படும். பெயர்த்து எடுத்து வர மட்டும் விடாதீர்கள்.

அதே கல்லில் கட்டிய பழைய கோட்டையின் எச்சம் மருத்துவமனைக்குப் பின்புறம் இருக்கிறது. தூதுப் புறாக்களுக்காக ஒல்லாந்தர் காலத்தில் எழுப்பிய புறாக்கூடு ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் பப்பரப்புளி என்று சொல்லும் மரத்தை இங்கே பெருக்கமரம் என்கிறோம். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் வழியாக வந்தது என்பது வழக்கு. அதன் அடிமரப் பொந்துக்குள் உங்கள் மகன் நுழைந்து நிற்கலாம். மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் கற்குவியல்களுக்கு நேரமிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லம் என்று. இன்று வழக்கில் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் ஒன்றுதான்.

உங்கள் மாமியாரை இந்தத் தீவுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். படகில் ஏறி இறங்குவது, சில வேளை ஒரு படகைத் தாண்டி அடுத்த படகில் கால்வைப்பது, பிறகு நாள் முழுவதும் குண்டும் குழியுமான வழியில் வண்டி, நிழல் குறைந்த வெளி எல்லாம் முழங்கால் வலிக்காரருக்குத் துன்பம். அன்று உங்களில் ஒருவர் அவரோடு தங்கி, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குக் காலைப் பூசைக்கு அழைத்துப் போகலாம். அவருக்கான தீவு அடுத்தது.

நயினாதீவு

படகுப் பயணம் 15 முதல் 20 நிமிடம். படகுகள் அடிக்கடி போய்வரும், கடலும் ஆழமில்லாத மறைவுக்கடல். ஏறி இறங்கும்போது மட்டும் இருவர் கைகொடுங்கள். நாகபூசணி அம்மன் கோயில் பக்கத்துத் துறையில் நிற்கும் படகா, நாக விகாரைப் பக்கத்துத் துறையில் நிற்பதா என்று கேட்டு ஏறினால் அவருக்கு நடை மிச்சம்.

மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்கு அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கருதுவோர் உண்டு. அந்த நம்பிக்கையின் பெயரில் இன்றும் வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தரையில் உட்கார முடியாதவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். விகாரைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் இங்கு வந்ததாக மகாவம்சம் சொல்வதால் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் பெருந்தொகையாக வருவார்கள். ஆகவே நாட்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். போயா விடுமுறையன்றும் அதை ஒட்டிய வார இறுதியிலும் படகு வரிசை நீண்டுவிடும். அந்த நாட்களைத் தவிருங்கள். ஆனி மாதத் திருவிழாவுக்கு நீங்கள் முந்தி வருகிறீர்கள்.

காரைநகர்

இதற்குப் படகே தேவையில்லை. பொன்னாலைத் தாம்போதி வழியாகக் கார் போகும். கசூரினா கடற்கரையில் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். பிள்ளைகளைக் குளிக்கவிட இந்தப் பயணத்தில் இதுவே ஏற்ற இடம். காலையில் போங்கள், பத்து மணிக்குமேல் மணல் சுடும். அங்கிருந்து ஊர்காவற்துறைக்குக் கால்வாயைக் கடக்க ஒரு மிதவை உண்டு, ஊரில் அதைப் பாதை என்பார்கள். சில நிமிடக் கடப்புதான். கடற்கோட்டை நீரின் நடுவே நிற்பது அங்கிருந்து தெரியும். பாதை ஓடுகிறதா, உங்கள் வண்டியை ஏற்றுமா என்று புறப்படுமுன் ஓட்டுநரை விசாரிக்கச் சொல்லுங்கள். ஓடினால் ஊர்காவற்துறை, வேலணை, பண்ணை என்று சுற்றி மாலை வெயிலில் நகருக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

கச்சதீவுக்கு இப்போது போக முடியாது. புனித அந்தோனியார் திருவிழாவையொட்டி, பிப்ரவரி அல்லது மார்ச்சில், அனுமதி பெற்ற யாத்திரிகர்கள் மட்டுமே போகிறார்கள். அது சுற்றுலாத் தீவல்ல.

சில்லறையாக இலங்கை ரூபாய், கடவுச்சீட்டு, தொப்பி, ஒரு மாற்றுடை போதும். படகில் ஏறுமுன் துறையிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள்.

இனி நாட்களின் வரிசை. பலரும் நெடுந்தீவைப் பெரிய பயணம் என்று கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள். நீங்கள் வந்து சேர்ந்த மறுநாளே, முதல் நாளாக, அதை வையுங்கள். அன்று காலை காற்று எழுந்து படகு நின்றுவிட்டால் திட்டத்தைக் கலைக்காமல் காரைநகருக்குக் காரைத் திருப்பலாம், நெடுந்தீவுக்கு அடுத்தடுத்த நாட்கள் கையில் இருக்கும். இரண்டாம் நாள் காரைநகர், மூன்றாம் நாள் நயினாதீவு. நான்காம் நாள் வெறுமையாகவே இருக்கட்டும். ஊருக்குத் திரும்பும் விமானமோ கப்பலோ இருக்கும் நாளில் எந்தக் காரணத்துக்காகவும் படகேறித் தீவுக்குப் போகாதீர்கள்.